துரை பங்களாவில் மணி அடிக்காத வாரம்

1

எனக்குச் சிவப்பு அட்டை கிடைத்த வாரத்தில்தான் இந்த வேலையும் வந்து சேர்ந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை நீலம். குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாக இங்கே வாழ அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு விசாதான். ஒவ்வொரு தடவையும் அதைப் புதுப்பிக்கக் கணவரையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். நாங்கள் இன்னும் சேர்ந்துதான் வாழ்கிறோம் என்பதற்கு அவரே நேரில் வந்து நிற்கும் சாட்சி. சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காமல் இருந்த ஒரு வருடமும் உண்டு. அன்று காலை மட்டும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்ததும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இனி அந்தச் சாட்சி வேண்டாம். அட்டையை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் நிலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பதினேழு வயது. பிறந்தது ஈப்போவில், அவளுடையது நீலம்.

"அப்ப அம்மா இனிமே மலேசியாவா, இந்தியாவா?"

"பாதி பாதி."

"பாதின்னு ஒன்னு இருக்கா? நான் ஃபுல்லுலா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அந்த 'லா' இங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொள்வது. விளையாட்டாகச் சொன்னதுதான். இருந்தாலும் அவள் போன பிறகு அந்த அட்டையைக் கைப்பையில் வைத்து மூடினேன்.

மறுநாள் பினாங்கிலிருந்து தொலைபேசி. ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளையின் செயலாளர், திருமதி வோங் என்று பெயர். செமோருக்கு அருகே, தெருவில் படுத்துக் கிடந்தவர்களைக் கூட்டி வந்து தங்கவைக்கும் இல்லம் ஒன்றுக்கு அவர்கள் உதவி செய்கிறார்கள். தொடர்ந்து செய்வதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும். இல்லத்தில் பெரும்பாலோர் தமிழர்கள். சபைக்கு வெளியே இருக்கிற, தமிழ் தெரிந்த ஒருவர் போய்ப் பார்த்து மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். நான் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் சமூகப்பணிப் பாடம் எடுக்கிறேன். யாரோ என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

கணவர் கேட்டதும் சிரித்தார். "சர்ச்சுக்காரங்க நீ நல்ல சர்ட்டிபிகேட் குடுப்பன்னு நெனப்பாங்க. நம்ம கோயில் கமிட்டி ஆளுங்க நீ கிழிகிழின்னு கிழிப்பன்னு நெனப்பாங்க. ரெண்டு பேரு கிட்டயும் ஏச்சு வாங்கப் போற."

2

ஈப்போவிலிருந்து செமோருக்குப் போகும் சாலையில் சுண்ணாம்பு மலைகள் கூடவே வரும். பிரிந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. ஒரு காலத்தில் முழுக்க ரப்பர். இங்கே கித்தா என்பார்கள். தோட்டம் கைமாறியபோது கித்தா மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடமும் செம்பனையாகிவிட்டது. மிஞ்சியது மேட்டின் மேல் இருக்கும் மேனேஜர் பங்களாவும், பள்ளத்தில் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலும்தான். மேனேஜரை இங்கே துரை என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் போய் உள்ளூர்க்காரர்கள் அந்த நாற்காலிக்கு வந்த பிறகும் துரைதான். அந்தத் துரை பங்களாவைத்தான் ஒரு கிறிஸ்தவ சபை வாடகைக்கு எடுத்து இல்லமாக்கியிருந்தது.

நடத்துகிறவர் பாஸ்டர் சாலமன். ஐம்பதைத் தாண்டியவர். ஹுத்தான் மெலிந்தாங்கில் பிறந்து, லோரி ஓட்டி, குடித்துக் கெட்டு, பிறகு எழுந்தவர். அதை அவரே முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். மனைவி ரூத் சமையல், மருந்து, மருத்துவமனை, சண்டை விலக்குவது என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர்.

முதல் நாள் நான் உட்கார்ந்ததும் ஒருவர் வந்து, "டீச்சர், தண்ணி கலக்கவா?" என்று கேட்டார். இங்கே அதற்கு 'தேநீர் போடவா' என்றுதான் அர்த்தம். எத்தனையோ வருடமாகக் கேட்டுப் பழகிய பேச்சு. இருந்தும், குடியை விட்டவர்கள் இருக்கும் வீட்டில் அதைக் கேட்டதும் என் பாளையங்கோட்டைக் காது ஒரு கணம் திடுக்கிட்டது. பாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "போன வருஷம் தமிழ்நாட்டுலேருந்து ஒரு ஊழியர் வந்தாரு டீச்சர். இதே மாதிரி கேட்டதும் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு."

திட்டம் ஒரு வருடம். ஈப்போ பசாரிலும் பஸ் நிலையத்துப் பக்கமும், கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையிலும் படுத்திருப்பவர்களைப் பேசிக் கூட்டி வருவார்கள். அந்த நடைபாதைக்கு இங்கே காக்கி லீமா என்று பெயர். இல்லத்தில் குடி கூடாது. முதல் சில மாதம் கைத்தொலைபேசி கிடையாது. காலையில் மணி அடித்ததும் எல்லோரும் ஜெபத்துக்கு வர வேண்டும். பிறகு பசியாறல் என்கிற காலைச் சாப்பாடு, தோட்ட வேலை, சமையலறை வேலை. மாலையில் வேத பாடம். வருடம் முடிந்ததும் வேலை தேடிக்கொண்டு வெளியே போக வேண்டும்.

நான் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். சாப்பாடு நல்லா இருக்கு, பாஸ்டர் நல்லவரு, ஜெபம் நல்லா இருக்கு. குறை ஒன்றும் இல்லை. குறையே இல்லை என்று ஒரு வீடு முழுக்கச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. அதனால் கேட்பதை நிறுத்திவிட்டு, கல்லூரி விடுமுறையைப் பயன்படுத்திக் காலை நேரங்களில் போய் ரூத் அக்காவோடு காய் நறுக்க உட்கார்ந்தேன். கத்தியும் பலகையும் நடுவில் இருந்தால் மனிதர்கள் பேசுவார்கள்.

அப்படிப் பேசியவர்களில் பீட்டர் ஒருவர். முன்பு பெருமாள். சித்தியவான் பக்கத்துக்காரர். அவரே என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "டீச்சர், சும்மா சோத்துக்காகத்தான் நாங்க சேர்றோம்னு வெளிய பேசுறாங்க. மத்தவங்க எப்டியோ. எனக்கு இது உண்மைலா. நான் செத்துப் போலாம்னு இருந்தவன். எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டேன். அவர் எழுந்து போன பிறகும் அந்தக் குரல் எனக்குள் இருந்தது. அதைச் சந்தேகப்படுவதற்கு எனக்கு எந்தக் காரணமும் தோன்றவில்லை.

3

பாளையங்கோட்டையில் நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். வீட்டில் காலையில் விளக்கேற்றிச் சாமி கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீறோடு போய், அசெம்பிளியில் இயேசு பாட்டுப் பாடுவேன். நன்றாகப் பாடுவேன் என்று முன்வரிசையில் நிறுத்துவார்கள். அப்பாவிடம் சித்தப்பா ஒரு தடவை, "புள்ளைய மதம் மாத்திப்புடப் போறாவ" என்று சொன்னபோது, அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பாட்டுத்தானலே, பாடட்டும்" என்றார்.

அந்தப் பாட்டுகள் இன்றும் எனக்கு மனப்பாடம். பங்களாவின் ஜெபக்கூடத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்த ஒரு காலையில், உள்ளே பாடியதோடு சேர்ந்து என் வாயும் தானாக முணுமுணுத்தது. எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ஊர் நினைப்பு எந்த வாசல் வழியாக வரும் என்று சொல்ல முடியாது.

ஆனால் அன்றே வீடு திரும்பும் வழியில் இன்னொன்றும் தோன்றியது. நான் பாடிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். எனக்குப் பிடிக்கவில்லை என்றால் அப்பாவிடம் சொல்லி வேறு பள்ளிக்கு மாறியிருக்கலாம். இவர்கள் பாடிவிட்டுப் போவதற்கு வேறு வீடு இல்லை.

4

காய் நறுக்கும் இடத்துக்கு வந்தாலும் பேசாமல் இருந்தவர் வீரையா. அறுபதைத் தாண்டி எழுபதை நெருங்கும் வயது. தோட்டத்தில் கீரையும் வெண்டையும் அவர் பொறுப்பு. ஜெபத்தின்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து, கண்ணை மூடாமல், கூரையில் சுற்றும் விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை மாலைகளில் சட்டை மாற்றிக்கொண்டு பள்ளத்து மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போய்வருவார். வேறு வழிபாடு கூடாது என்று இல்லத்தின் விதிகளில் இருக்கிறது. பாஸ்டர் அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் போய் வேன் கழுவுவார்.

ஒருநாள் வெண்டைக்காய்க் கூடையோடு வந்தவரிடம், "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"இதுதான்" என்றார்.

"செமோரா?"

"இதுதாம்மா. இந்த எஸ்டேட்டு. அதோ அந்தச் செம்பனை நிக்குதுல்ல, அங்கதான் எங்க லயம். எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் பால் மரம் வெட்டுனவங்க. நானும் வெட்டுனேன்." ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

மீதியைக் கொஞ்சம் அவரும் கொஞ்சம் ரூத் அக்காவுமாகச் சொன்னார்கள். தோட்டத்தை விற்றபோது லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். வீரையாவும் மனைவியும் ஈப்போவில் ஒரு தாமானின், அதாவது குடியிருப்புப் பகுதியின், ஓரத்தில் பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அவர் ஒரு சாமான் கடையில் ஜாகா வேலை பார்த்தார், காவல்காரர். மனைவி நோயில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பிறகு கடையையும் மூடிவிட்டார்கள். பாதுகாத்த அதே கடைக்கு முன்னால், காக்கி லீமாவில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தார். சாலமன் அங்கேதான் அவரைப் பார்த்தார். பேச்சுக் கொடுக்கவே பல வாரம் ஆனதாம்.

வேனில் ஏற்றிக்கொண்டு வரும்போது சாலை செம்பனைக்குள் திரும்பியதும் வீரையா எழுந்து நின்றுவிட்டார். "பாஸ்டர், நிறுத்துங்க. எங்க போறீங்க? இது எங்க எஸ்டேட்டுலா." சாலமனுக்கு அதுவரை அது தெரியாது. பங்களா வாசலில் வேன் நின்றது. எல்லோரும் முன்படியில் ஏறிப் போனார்கள். வீரையா மட்டும் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சமையலறை வாசலில் நின்றார்.

"முன்னாடி வாங்கண்ணேன்னு நான் கூப்புடுறேன், வர மாட்டேங்குறாரு" என்றார் ரூத் அக்கா. "துரை பாத்தா ஏசுவாருன்னு சொல்றாரு. துரையெல்லாம் போயி எத்தன வருஷமாச்சு! ஒரு வாரம் பின்வாசல்தான். அப்பறம் ஒருநாள் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். படியேறும்போது செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு டீச்சர்."

இப்போது அவருடைய கட்டில் துரையின் படுக்கையறையில் இருக்கிறது. அங்கே இன்னும் மூன்று கட்டில்கள்.

வருடம் ஒன்று முடிந்தும் அவர் போகவில்லை. இது மூன்றாவது வருடம். ஏன் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். சிவப்பு அட்டை. பிறந்தபோது அப்பா பதியவில்லை. பொறந்த சூரா, அதாவது பிறப்புச் சான்று, கிடையாது. பதிவிலாகாவில் விண்ணப்பம் போட்டார். சாட்சி கேட்டார்கள். பிறந்ததைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. குடிமகன் இல்லை என்பதால் முதியோர் உதவி இல்லை, மலிவு வீடு இல்லை. இந்த வயதில் வேலையும் இல்லை. வெளியே போவதென்றால் மறுபடி காக்கி லீமாதான்.

நான் என் பையைத் திறந்து என் அட்டையை எடுத்துக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. "அட, ஒங்களுக்கும் செவப்பா! நீங்க எந்த எஸ்டேட்டும்மா?"

"நான் எஸ்டேட் இல்லண்ணே. இந்தியாவுலேருந்து கல்யாணமாகி வந்தேன்."

அவர் என் அட்டையையும் தன் அட்டையையும் பலகையின் மேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தியாவுலேருந்து வந்தவங்களுக்கும் செவப்பு. இங்க பொறந்தவனுக்கும் செவப்பு" என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்கு ஒத்து வராதவர் மறுபடி கூட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு என் அட்டையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, "பத்தரமா வச்சுக்கோங்க. தொலைஞ்சா ரொம்ப சூசாலா" என்றார். சூசா என்றால் கஷ்டம்.

அதைக் கையில் வாங்கியபோது, ஒரு மாதத்துக்கு முன்பிருந்த சந்தோஷம் எனக்கு இல்லை.

5

என் மனதில் இருந்ததைப் பாஸ்டரிடம் நேரே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அறிக்கையில் எழுதி அவர் முதுகுக்குப் பின்னால் அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. முன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ரூத் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், காலை ஜெபத்தைக் கட்டாயமா வைக்க வேண்டாம்னு எழுதப் போறேன்."

அவர் முகம் மாறியது. "ஏன் டீச்சர்? யாராவது குறை சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. அதுதான் பிரச்சினை. உங்ககிட்ட வேண்டாம்னு சொல்ல அவங்களால முடியாது. சொன்னா எங்க போவாங்க?"

"அப்ப நான் என்ன, சோத்தைக் காட்டி ஆள் புடிக்கிறேனா?" அவர் எழுந்துவிட்டார். "டீச்சர், அந்த ஜெபம்தான் என்னைக் காப்பாத்துச்சு. லோரிக்கு அடியில படுத்துக் கெடந்தவன் நான். எனக்குக் கெடைச்ச மருந்தத்தான் இவங்களுக்குக் குடுக்குறேன். மருந்த யாராவது ஆசப்பட்டுக் குடிப்பாங்களா?"

"அப்ப வீரையாண்ணன்?"

அவர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக, "அறக்கட்டளைக்கு ஒவ்வொரு வருஷமும் அவரு விசுவாசத்துல வளர்ந்துட்டு வாராருன்னு சொல்றேன்" என்றார். "அனுப்பிடுங்கன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். பொய்தான். ஆனா வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

ரூத் அக்கா மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "இவ்ளோ பேசுறீங்களே ரெண்டு பேரும். ஒரு வாரம் மணி அடிக்காம இருந்து பாருங்களேன்."

"யாரும் வரலன்னா?" என்றார் பாஸ்டர்.

"வரலன்னா வரல. அப்பயாவது தெரியுமுல்ல."

அவர் உள்ளே போய்விட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏமாற்றுக்காரர் ஒருவரை மதிப்பிடுவது எளிது. நல்லவர் ஒருவரிடம் போய் நீங்கள் செய்வதில் ஒன்று சரியில்லை என்று சொல்வதுதான் கஷ்டம்.

மறுநாள் காலை ரூத் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "திங்கக்கிழமைலேருந்து மணி இல்ல. வெள்ளனமே வாங்க."

6

ஞாயிறு இரவுச் சாப்பாட்டின்போது பாஸ்டர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஒரு வாரம் மணி கிடையாது, விருப்பம் உள்ளவர்கள் வரலாம், வராதவர்களுக்கு ஒன்றும் குறையாது. யாரும் நம்பவில்லை என்று பீட்டர் சொன்னார். இதில் ஏதோ சோதனை இருக்கிறது என்று படுக்கையில் கிசுகிசுத்தார்களாம்.

அந்த மணி எங்கிருந்தோ வாங்கியது அல்ல. தோட்டத்துப் பழைய பெரட்டு மணி. விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். வீரையா அதை எனக்குச் சொன்னபோது, "சின்ன வயசுல பெரட்டுக்கு எந்திரிச்சோம், இப்ப ஜெபத்துக்கு எந்திரிக்கிறோம். மணி ஒன்னுதானம்மா" என்றிருந்தார்.

திங்கட்கிழமை நான் போனபோது ஜெபக்கூடத்தில் விளக்கு எரிந்தது. பாஸ்டர் முன்னால் நின்றார், கையில் வேதப் புத்தகம். எதிரே பீட்டர் மட்டும். மீதி நாற்காலிகள் காலி. பங்களா முழுக்கத் தூக்கத்தின் மூச்சு. பாஸ்டர் நாற்காலிகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் வெளியே தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். நான் கேட்டது நடந்துவிட்டது. அது எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமாக இல்லை.

பீட்டரும் அவருமாகப் பாட ஆரம்பித்தார்கள். இரண்டு ஆண் குரல்கள், சுருதி சேராமல்.

அப்போது காலடிச் சத்தம். வீரையா வந்தார். முகம் கழுவி, ஈரத்தலையை வாரியிருந்தார். எப்போதும் உட்காரும் கடைசி வரிசைக்குப் போகவில்லை. நடந்து முன்னால் போய்ப் பீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாஸ்டர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"பாடுங்க பாஸ்டர்" என்றார் வீரையா.

ஜெபம் முடிந்து வெளியே வந்தவரிடம் நான் கேட்டேன். "அண்ணே, இன்னைக்கு வராமலே இருந்திருக்கலாமே?"

"அவரு தனியா நிப்பாரேம்மா. பாவம்லா" என்றார். "என்னை ரோட்டுலேருந்து கூட்டியாந்த மனுசன். எனக்குச் சாமி அங்க பள்ளத்துல இருக்கு. இங்க இவருக்காக வாரேன். இதுல என்ன இருக்கு?"

இதைச் சொன்னபோது பாஸ்டர் எங்களுக்குப் பின்னால் கதவருகில் நின்றிருந்தார். அவர் கேட்டது வீரையாவுக்குத் தெரியாது. பாஸ்டர் திரும்பி ஜெபக்கூடத்துக்குள்ளேயே போய்விட்டார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

செவ்வாயன்று இன்னும் இருவர் வந்தார்கள். புதனன்று ஒரு சீனர் வந்தார். ஆ கியோங் என்று பெயர். தமிழ்ப் பாட்டு ஒரு வார்த்தையும் புரியாது, ஆனால் கை தட்டுவது பிடிக்கும் என்றார். இருவர் ஒரு நாளும் எழுந்து வரவில்லை. அதில் ஒருவர் வியாழனன்று பையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போய்விட்டார். மணி இருந்திருந்தாலும் போயிருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. பாஸ்டர் வேனில் ஈப்போ முழுக்கத் தேடினார், கிடைக்கவில்லை. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. "நான் மணி அடிச்சிருக்கணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.  

சனிக்கிழமை கூடம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. முழுதாக நிறையவில்லை. முடிந்ததும் பாஸ்டர் என்னிடம் வந்தார். முகம் களைத்திருந்தது. "இத்தன வருஷமா தெனமும் இந்தக் கூடம் ஃபுல்லு டீச்சர். ஆனா யாரு வந்துருக்கா, யாரு வரலன்னு எனக்கு இந்த வாரம்தான் தெரிஞ்சது" என்றார். "வலிக்குது. இருந்தாலும் பரவால்ல. அப்படியே எழுதுங்க."

7

பினாங்கில் அறக்கட்டளையின் கூட்டம். நானும் பாஸ்டரும் ரூத் அக்காவும் போனோம். நான் எழுதியதைச் சொன்னேன். இல்லம் நல்லது செய்கிறது, தொடர வேண்டும். ஜெபம் விருப்பமாக இருக்கட்டும். போக இடமில்லாதவர்களுக்கு ஒரு வருடம் என்ற எல்லை பொருந்தாது. போய்விட்ட அந்த ஒருவரைப் பற்றியும் சொன்னேன்.

அவர்களுடைய படிவத்தில் இரண்டு பத்திகள்தான். மாற்றம் அடைந்து வெளியேறியவர்கள், தெருவுக்கே திரும்பியவர்கள். திருமதி வோங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த வீரையா எதில் வருகிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எதிலும் இல்லை. மதமும் மாறவில்லை, வெளியேறவும் இல்லை. குடிக்கவும் இல்லை. நீங்கள் சாப்பிடுகிற கீரை அவர் போட்டது" என்றேன். ரூத் அக்கா கூட்டத்துக்கென்று சமைத்துக் கொண்டுவந்திருந்த சாப்பாடு மேசையில் இருந்தது. யாரோ சிரித்தார்கள். திருமதி வோங்கும் சிரித்தார்.

ஜெபத்தைப் பற்றி வாக்குவாதம் நீண்டது. கடைசியில் திருமதி வோங்கே முடித்தார். "மணி அடித்தால்தான் ஆண்டவருக்கு முன்னால் ஆள் வரும் என்றால், அது எனக்கும் பெருமையாக இல்லை."

ஆனால் தங்கும் காலத்தில் அவர்கள் இறங்கி வரவில்லை. குழுவில் இருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஒரு கட்டிலில் ஒருவர் மூன்று வருடம் படுத்தால், காக்கி லீமாவில் காத்திருக்கிறவனுக்கு நான் என்ன சொல்வது?" நியாயமான கேள்வி.  உதவி தொடரும், ஆனால் வீரையா இந்த மாத முடிவில் திட்டத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று தீர்மானமானது.

அடுத்த நாள் பாஸ்டர் அவரிடம் சொன்னபோது நானும் இருந்தேன். வெண்டைப் பாத்தியில் குனிந்திருந்தவர் நிமிர்ந்து கேட்டுக்கொண்டார். "சரி பாஸ்டர். எனக்குப் பழக்கம்தான். அந்தக் கட வாசல் இன்னும் காலியாத்தான் இருக்கும்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் போய்ப் பார்த்தபோது போர்வையை நான்காக மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாத முடிவுக்கு இன்னும் நாள் இருந்தது.

ரூத் அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டார். டேனியல், ஒரே மகன், சிங்கப்பூரில் வேலை. பங்களாவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் குடும்பம் வாடகைக்கு இருக்கும் சின்ன வீட்டில் அவனுடைய அறை பூட்டிக் கிடந்தது. அவன் எந்தப் பண்டிகைக்கு வந்தாலும் அப்படியே இருக்க வேண்டும் என்று வாரம் ஒருமுறை அக்கா திறந்து துடைத்து வைப்பார்.

"டேனி, ஒன் ரூம வீரையாண்ணனுக்குக் குடுக்கட்டுமாடா?"

ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது. "குடுங்கம்மா. நான் என்ன அங்க திரும்பி வரவா போறேன்?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ரூத் அக்கா, "சரிப்பா" என்றார். பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு நிலாவின் ஞாபகம் வந்தது. அவள் மேற்படிப்புக்கு எங்கெங்கோ விண்ணப்பிக்கிறாள். அந்த இடங்களில் ஈப்போவும் இல்லை, பாளையங்கோட்டையும் இல்லை. நான் அக்காவின் தோளில் கை வைத்தேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வாங்க டீச்சர், ரூம ஒதுக்கணும்" என்றார்.

வீரையா மறுத்தார். பாஸ்டர் வீட்டில் எப்படித் தங்குவது, சாமி வேற, பழக்கம் வேற என்றார். பாஸ்டர் அவருடைய மடித்த போர்வையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "ப்ரோக்ராம் முடிஞ்சிருச்சுண்ணே. இப்ப வீட்டுக்கு வாங்க" என்று முன்னால் நடந்தார்.

8

ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள். போன வாரம் மதியம் போனேன்.

பங்களாவில் வீரையாவின் கட்டிலில் இப்போது ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்த ஒரு மீனவர். காலை ஜெபத்துக்குப் பாதிப் பேர் வருகிறார்கள். சில நாள் கூடும், சில நாள் குறையும். பாஸ்டருடைய பிரசங்கம் சுருங்கிவிட்டது என்று பீட்டர் சொன்னார். வீரையாவின் குடியுரிமை விண்ணப்பத்தை எழுத நானும் உதவினேன், மறுபடி போட்டிருக்கிறோம். பதில் வரவில்லை.

வீரையா என்னைப் பார்த்ததும், "உள்ள வாங்கம்மா" என்று அறைக் கதவைத் திறந்தார். ஒரே நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார். தான் கட்டிலில் உட்கார்ந்தார். சுவரில் டேனியல் ஒட்டிய கால்பந்துக்காரன் படம் அப்படியே இருந்தது. துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தபோது கதவின் உட்பக்கத்தில் சின்னதாக ஒரு மாரியம்மன் படம் தெரிந்தது. ரூத் அக்காவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அந்த அறையை வாரம் ஒருமுறை துடைக்கிறவர் அவர்தான்.

வீரையாவே தேநீர் கொண்டுவந்தார். சீனி போதுமா என்று கேட்டார், விசிறியைக் கூட்டவா என்று கேட்டார். நிலா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். பேசிக்கொண்டே இருந்தவர், கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு, "நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. காலையிலேருந்து தோட்டத்துல நின்னது. செத்த நேரம் படுக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

விருந்தாளியிடம் வீட்டுக்காரர் சொல்வதுபோலச் சொன்னார். நான் எழுந்தேன். கதவு வரைக்கும் வந்து, "பாத்துப் போங்கம்மா, இன்னொரு நாளைக்கு வாங்க" என்றார்.

தாழ்வாரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் கதவு சாத்தப்பட்டது. பிறகு, உள்ளேயிருந்து அவர் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.